ஐந்து விநாடிக் கேட்பு

மாலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் மட்டும் இரைச்சல் என்று
கோபுரத்திலிருந்து மூன்றாவது கடிதம்.
இறங்கப்போகும் விமானிக்கு ஓடுபாதை எண்
பாதிதான் கேட்கிறதாம்.
பிளேன் மாஞ்ஞான் கரும்புச் சாலையில் வேனை ஓரங்கட்டிவிட்டு
கருவியை மடியில் வைத்துக்கொண்டேன்.

தொடக்கம் நூற்றுப் பதினெட்டு மெகாஹெர்ட்ஸ்.
முடிவு நூற்று முப்பத்தேழு.
தணிப்பு பூஜ்யம். முன்பெருக்கி விழித்திருக்கட்டும்.
திரையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு
வாசல் பெருக்கிக்கொண்டு போகிறது.

பெருக்கு, கூட்டு,
துடைப்பத்துக்கும் கணக்குக்கும் ஒரே சொல் எங்களுக்கு என்று
சூபென்னிடம் கிரியோலில் சொல்லிப் பார்த்தேன்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.
கம்பு ஆன்டெனாவைத் துப்பாக்கி மாதிரி பிடித்தபடி
பசிக்கிறது என்றான்.

அகலத் திறந்தால் கோடு ஓடிவிடுகிறது, எதிலும் நிற்காமல்.
வடிகட்டியைக் குறுக்கினால்
அரிசியில் கல் பொறுக்குகிறது;
பொறுக்கி முடிப்பதற்குள் உலை அணைந்துவிடும்.
இரண்டுக்கும் நடுவில் பத்து கிலோஹெர்ட்ஸ் வைத்தேன்.

ஒரு முள் எழுந்தது.
வடக்கே திருப்பினாலும் அதே உயரம்.
தெற்கே, கடல் பக்கம், அதே உயரம்.
எங்கு போனாலும் கூடவே வருகிற எதிரி.
அரைமணி நேரம் துரத்திய பிறகு
சூபென் வேனுக்குள் தலையை விட்டு
என் போன் சார்ஜரைப் பிடுங்கினான்.
முள் விழுந்தது.
இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அந்த முள் நின்ற இடத்துக்குக் கீழே
இன்னொன்று, சின்னது,
சாய்ந்து சாய்ந்து நடந்துகொண்டிருந்தது.
உச்சப் பிடிப்பைப் போட்டேன்.
அது மிதித்த இடமெல்லாம் மஞ்சளாய் நின்றது.
வெயில் இறங்க இறங்க மேலே ஏறுகிறது.
ஆறே காலுக்கு விமானியின் தடத்தில் போய் உட்கார்ந்தது,
நாற்காலி தனக்குத்தான் என்பதுபோல.

குறியை அதன் தலையில் வைத்து, பண்பிறக்கம்: ஏ.எம்.
கேட்கும் நேரம் ஐந்து விநாடி.
அந்த ஐந்து விநாடியும் கோடு நகராது.
கேட்கும்போது பார்க்க முடியாது இந்தக் கருவிக்கு,
பார்க்கும்போது கேட்க முடியாது.
வந்தது குரல் இல்லை. மின்சாரத்தின் முனகல்,
மூடிய குளிர்பெட்டிக்குள் ஒரு வண்டு.

மதாம் அருணாசலோம் வீட்டுத் தகரக் கூரை.
துருப்பிடித்த டிவி ஆன்டெனா, அதன் கழுத்தில்
தன் குரலைத் தானே விழுங்கித் திருப்பிக் கத்தும் பூஸ்டர்.
பகலெல்லாம் சூட்டில் கீழே கிடந்து
மாலை ஆறியதும் வானத்தின் தடத்துக்கு வந்துவிடுகிறது.
பிடுங்கச் சொல்ல வேண்டியதுதான்.
ஏனோ கை எஃப்.எம். பக்கம் போனது.

முனகல் அடங்கியது.
காற்று கேட்டது.
கம்பம் அசைய அசைய அலைவெண் அசைந்து
அது காதுபடப் பெருமூச்சாக வந்தது.
பிறகு ஒரு துள்ளல், டொக்.
நிமிர்ந்து பார்த்தேன்: ஆன்டெனாவின் மூன்றாம் கிளையில்
ஒரு மைனா அப்போதுதான் கால் ஊன்றிக்கொண்டிருந்தது.

அந்த அம்மாளிடம் காதணியைக் கொடுத்தேன்.
என்ன ஸ்டேஷன் என்றார்.
உங்கள் கூரை என்றேன்.
பறவை எழும்பியதும் தோளைக் குலுக்கினார்.
ஐந்து விநாடி முடிந்து கருவி மறுபடி
வாசல் பெருக்கப் போய்விட்டது.

அவரே உள்ளே போய்ப் பிளக்கைப் பிடுங்கினார்.
சின்ன முள் இல்லை; மஞ்சள் மட்டும் நின்றது,
அழிக்கும் பொத்தானை அழுத்தும்வரை.
ராத்திரி நாடகம் தெரியுமா என்று கேட்டார்.
புள்ளி புள்ளியாகத் தெரியும் மதாம்.
முகம் தெரியுமா?
முகம் தெரியும்.

பத்து நிமிடம் கழித்து ஒரு விமானம்
கரும்பின் மேல் தாழ்ந்து போனது.
அவன் என்ன பேசினான் என்று நாங்கள் கேட்கவில்லை.
சூபென் தால்பூரி வாங்கப் போயிருந்தான்.